மேல்காற்றும் ரேஸ் சைக்கிளும்

விமரிசனம் என்றால் கதைக்கும் கவிதைக்கும் மட்டும் உரியது என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. சங்கீதக் கச்சேரிக்கும் அதைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறோம். வாஸ்தவத்தில் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் பிறவி விமரிசகன். கும்பகோணத்தில் காபியைப் பற்றி நடக்கிற விவாதத்தில் பாதியளவு இலக்கியத்தைப் பற்றி நடந்திருந்தால் நம் இலக்கியம் எங்கேயோ போயிருக்கும். ஆனால் இதே மனிதன் ஒரு யந்திரத்தை வாங்கும்போது மட்டும் இரண்டே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறான். என்ன விலை, எத்தனை வருஷம் உழைக்கும்? அது எதற்காகச் செய்யப்பட்டது, அந்தக் காரியத்தைச் செய்கிறதா, அந்தக் காரியம் இந்த ஊரில் செய்யத் தகுந்ததுதானா என்று கேட்பதில்லை. ஒரு நாவலைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள் இவைதான். ஒரு சைக்கிளைப் பார்த்து அவற்றைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நான் சொல்ல வந்தது இப்போது கடைகளில் தொங்குகிற ரேஸ் சைக்கிளைப் பற்றி. அதிலும் ஒரு குறிப்பிட்ட ஜாதி. 'காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்' என்று சொல்லி விற்கப்படுகிற ஜாதி. பந்தயக்காரர்கள் ஓட்டுகிற அசல் வண்டிக்குக் கரியிழையில் சட்டம். விலை பல லட்சம். அதே தோற்றத்தை அலுமினியத்தில் வார்த்து, சாமானியனுக்கு எட்டும் என்று சொல்லி ஐம்பது அறுபது ஆயிரத்துக்குத் தருகிறார்கள். என் அக்காள் மகன் ஒன்று வாங்கினான். அறுபதாயிரத்துக்கு ஐந்நூறு ரூபாய் குறைவு. அவன் வேலையாக வெளியூர் போயிருந்த சமயம், ஆடி மாதத்தில் மூன்று வாரம் அந்த வண்டி என்னிடம் இருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த விலையில் கிடைக்கிற எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சுத்தான்.

பார்க்க அழகான வண்டி. குழாய்கள் உருண்டையாக இல்லை. முன்புறம் வளைந்து, பக்கவாட்டில் தட்டையாகி, பின்னால் மெலிகின்றன. ரிம் நான்கு விரற்கடை ஆழம். பிரேக் கம்பிகள் வெளியே தெரியாமல் சட்டத்துக்குள் போய்விடுகின்றன. ஹாண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு போலக் கீழே வளைந்திருக்கிறது. மட்கார்டு, கேரியர், மணி, ஸ்டாண்டு ஒன்றும் கிடையாது. எடை பத்துப் பதினோரு கிலோ. நம் கறுப்பு சைக்கிளில் பாதி. சுவரில் சாய்த்து வைத்தால் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இப்படிப்பட்ட வண்டிக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. மலைநாட்டில் சைக்கிள்காரனுக்கு விரோதி ஏற்றம். நம் டெல்டாவில் ஏற்றமே கிடையாது. தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லை. காவேரித் தண்ணீரே தயங்கித் தயங்கித்தான் இறங்குகிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து பாலங்கள். அந்தப் பாலத்து மேடுகள்தான் நமக்கு மலை.

ஆனால் நமக்குக் காற்று இருக்கிறது. ஆனி பிறந்தால் மேல்காற்று கிளம்பிவிடும். ஆடியில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. தடுப்பதற்கு ஒரு குன்று இல்லை. வயல்வெளி முழுவதும் அதற்கு மைதானம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக மேற்கே மிதித்துப் போகிறவனுக்கு ஆடி மாதத்தில் அந்தச் சாலை முழுவதும் ஏற்றம். திரும்பி வரும்போது முழுவதும் இறக்கம். தை பிறப்பதற்குள் காற்று வடகிழக்கே திரும்பி, ஏற்றமும் இறக்கமும் இடம் மாறிவிடும். காற்றை ஜயிக்கிற சைக்கிள் ஒன்று உலகத்தில் எங்கேயாவது வேண்டும் என்றால் அது காவேரிப் படுகையில்தான் வேண்டும். ஆகவே இந்த வண்டியின் அடிப்படை எண்ணத்தை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எண்ணம் சரி. அதை நிறைவேற்றிய விதத்தைத்தான் பார்க்கவேண்டும்.

காற்று சைக்கிள்காரனுக்குச் செய்வதைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒன்று: எதிரே வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 18 கிலோமீட்டர் போகிறவன், 18 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கிற நாளில் அதே வேகத்தில் போக விரும்பினால், காற்றுக்காக மட்டும் நான்கு மடங்கு உழைக்கவேண்டும். இரண்டு: அந்த எதிர்ப்பில் நான்கில் மூன்று பங்கை வாங்கிக்கொள்வது சைக்கிள் அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருக்கிற ஆசாமி. நெஞ்சும் தோளும் தலையும்தான் பாய்மரம். சைக்கிள் வெறும் கம்பி.

குழாயின் வடிவத்தில் உண்மை இல்லாமல் இல்லை. முன்பக்கம் கூர்மையாக இருந்தால் காற்றைக் கிழிக்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். விஷயம் அப்படியல்ல, முக்கியம் பின்பக்கம். உருண்டைக் குழாயைத் தாண்டிய காற்று அதன் பின்னால் ஒட்டி வராமல் பிய்த்துக்கொண்டு சுழல்கிறது. அந்தச் சுழலில் அழுத்தம் குறைந்து, அது குழாயைப் பின்னுக்கு இழுக்கிறது. விரால் மீனைப் பாருங்கள். முன்னால் தடித்து, பின்னால் மெல்ல மெல்லச் சிறுத்துப் போகிறது. தண்ணீர் அதன் உடம்பை விட்டுப் பிரியாமல் வழிந்துவிடுகிறது. அதே வடிவத்தில் ஒரு குழாய் செய்தால், அதே அகலமுள்ள உருண்டைக் குழாயைவிட எதிர்ப்பு பல மடங்கு குறையும். வாலை முழுவதும் நீட்டாமல் பாதியில் வெட்டிவிட்டாலும் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்று 1930களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காம் என்ற எஞ்சினீயர் மோட்டார் கார்களை வைத்துக் காட்டினார். இன்றைய ரேஸ் சைக்கிளின் மொட்டை வால் குழாய்கள் அந்த வழியில் வந்தவைதான். ஆகவே விற்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. மிகச் சிறிய உண்மை ஒன்றை மிகப் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு சிறியது என்று கணக்குப் பார்க்கலாம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு, 18 கிலோமீட்டர் எதிர்க்காற்றில், திடமான ஒரு மனிதன் நாள் முழுவதும் அலுக்காமல் கொடுக்கக்கூடிய 100 வாட் அளவு சக்தியோடு மிதிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்தால் மணிக்குப் பன்னிரண்டு பன்னிரண்டரை கிலோமீட்டர் போவான். வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்து, முதுகை மடக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டால் பதினாறு பதினாறரை போவான். நாற்பது கிலோமீட்டரில் முக்கால் மணி நேரம் மிச்சம். உடம்பைக் குனிய வைத்ததன் பலன் அது. இதற்குமேல் உருண்டைக் குழாயை எடுத்துவிட்டு மீன் வடிவக் குழாயை வைத்தால் இன்னும் எவ்வளவு மிஞ்சும்? என் கணக்குப்படி ஒன்றிரண்டு நிமிஷம். அய்யம்பேட்டையில் ஒரு டீ குடிக்க இறங்கினால் அது கரைந்துவிடும். மணிக்கு 45 கிலோமீட்டர் போகிற பந்தயக்காரனுக்கு அந்த நிமிஷம்தான் வாழ்வு. நமக்கு அது டீ.

பந்தயக்காரனுக்கு அது எப்படி வாழ்வாகிறது என்பதற்கு 1989ஆம் வருஷத்துப் பிரான்ஸ் தேசச் சுற்றுப் பந்தயம் பிரசித்தமான உதாரணம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு, கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனியோட்டம். அதற்குக் கிளம்பும்போது லாரான் ஃபீன்யோன் 50 செகண்டு முன்னால் இருந்தார். கிரெக் லெமாண்ட் என்ற அமெரிக்கர், முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிக்கொள்கிற புதுவித ஹாண்டிலும் நீண்ட வால் வைத்த தலைக்கவசமும் போட்டுக்கொண்டு போனார். ஃபீன்யோன் குடுமி பறக்க, வெறுந்தலையோடு, பழைய தினுசு ஹாண்டிலில் போனார். லெமாண்ட் அந்த ஓட்டத்தில் 58 செகண்டு மிச்சம் பிடித்து, மொத்தப் பந்தயத்தை 8 செகண்டில் ஜயித்தார். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பலரும் பேசியது அந்த ஹாண்டிலையும் தலைக்கவசத்தையும் பற்றித்தான். அதாவது உடம்பு காற்றில் நின்ற நிலையைப் பற்றி. குழாயைப் பற்றி அல்ல.

இன்னும் பின்னால் போனால் இதைவிடச் சுவாரஸ்யமான கதை இருக்கிறது. 1933இல் ஃபிரான்ஸிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர், சார்ல் மோஷே செய்துகொடுத்த வண்டியில் மல்லாந்து சாய்ந்தபடி மிதித்து, ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போய், அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். அவர் முதல் தரப் பந்தயக்காரர் என்று பெயர் வாங்கியவர் அல்ல. காற்றுக்கு உடம்பைக் காட்டாமல் படுத்துக்கொண்டார், ஜயித்தார். சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது? 1934இல் அது சைக்கிளே அல்ல என்று ஒதுக்கிவைத்தது. காற்றை ஜயிக்க மிக நல்ல வழி எதுவோ, அது பந்தயத்தில் கூடாது என்று ஆயிற்று. சட்டத்துக்கு உட்பட்டு மிச்சமிருந்த சின்னச் சின்ன வழிகளில் ஒன்றுதான் குழாயின் வடிவம். பந்தயக்காரனுக்கு வேறு வழியில்லை, அதைப் பிடித்துக்கொண்டான். பாபநாசம் சாலையில் போகிற நமக்கு அந்தச் சட்டம் கிடையாது. இல்லாத சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அதற்கு அறுபதாயிரமும் கொடுக்கிறோம்.

வண்டியின் நல்ல அம்சங்களைச் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. வளைந்த ஹாண்டில் உயர்ந்த சாதனம். மேலே ஒரு பிடி, முனையில் ஒரு பிடி, கீழே ஒரு பிடி. காற்றுக்குத் தக்கபடி உடம்பை மாற்றிக்கொள்ளலாம். கியர் அதைவிட உயர்ந்தது. காற்று பலமாக அடிக்கும்போது கியரை இறக்கி, கால் அதே தாளத்தில் சுழல, மெதுவாகவாவது நிற்காமல் போய்க்கொண்டிருக்கலாம். சௌக்க காலத்தில் பாடுகிறவனுக்குத் தாளம் நழுவாமல் இருப்பதுபோல. கியர் இல்லாத வண்டியில் ஒவ்வொரு மிதியும் ஒரு மல்யுத்தம். பிரேக்கும் பழுதில்லை. இந்த மூன்றையும் அனுபவித்தவன் பழைய வண்டிக்குத் திரும்பும்போது மனம் கொஞ்சம் சுணங்கத்தான் செய்யும்.

குறைகள் வேறு ரகம். அவை இந்த மண்ணைப் பார்க்காமல் செய்ததனால் வந்தவை. டயர் விரல் கனம். கருவேல முள்ளுக்கு அது விருந்து. மூன்று வாரத்தில் நான்கு பஞ்சர். ஒரு தடவை சாலையோரத்துக் கடையில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். கடைக்காரர் டியூபின் காற்றடிக்கும் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்கிட்ட வாய் இல்லீங்களே ஐயா" என்றார். பிரெஞ்சு மூக்கு, நம் ஊர்ப் பம்பு அதைக் கவ்வாது. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் எந்தக் கிராமத்திலும் சரியாகிவிடுகிற சைக்கிள் என்ற வஸ்து, இதில் தஞ்சாவூர்க் கடை ஒன்றைத் தவிர வேறு புகலில்லாத பிராணியாகிவிட்டது.

அறுவடை காலம் வந்தால் நம் தார்ச்சாலைதான் களம். உளுந்துச் செடியையும் எள்ளுச் செடியையும் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் அடித்துக்கொடுக்கும். மெல்லிய டயர் அதன்மேல் வழுக்குகிறது. நார் போன தண்டு கியருக்குள் சுற்றிக்கொண்டால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். மட்கார்டு இல்லாததால் ஐப்பசி மழையில் வண்டல் சேறு முதுகில் கோலம் போடும். ஆழமான ரிம் எதிர்க்காற்றில் கொஞ்சம் உதவும் என்பது உண்மை. ஆனால் திருமானூர்க் கொள்ளிடப் பாலத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. பாலம் அதைக் குறுக்கே தாண்டுகிறது. ஆற்று மணலின்மேல் தடையில்லாமல் ஓடிவருகிற மேல்காற்று பக்கவாட்டில் அறைகிறது. முன்சக்கரம் பாய் போல அதை வாங்கி, ஹாண்டிலைப் பிடுங்குகிறது. பக்கத்தில் மணல் லாரி. காற்றை ஜயிக்கச் செய்த வண்டியில் காற்றுக்குப் பயந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

இதையெல்லாம் ஊர் திரும்பிய பையனிடம் சொன்னேன். "மாமா, இது ஆசைக்கு வாங்கறது. கணக்குப் பாக்கக் கூடாது" என்றான். நியாயமான பதில். ஆசைக்கு வாங்குகிறவன் கணக்குப் பார்க்கவேண்டாம். வீணை வாங்குகிறவன் பார்க்கிறானா? காலையில் இருட்டோடு எழுந்து வல்லம் வரையில் போய்வருகிற இளைஞர்களை நானும் பார்க்கிறேன். அவர்கள் உடம்பும் உற்சாகமும் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கின்றன. ஆனால் 'சாமானியனுக்கு எட்டும் விலை' என்று சொல்லி விற்கிறார்களே, அந்தச் சாமானியன் யார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

ஆடிக்காற்றில் சைக்கிளை உண்மையாகவே நம்பியிருக்கிறவர்கள் வேறு ஜனங்கள். பால் கேனை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர், புல்லுக்கட்டோடு திரும்புகிறவர், கொத்து வேலைக்கு டவுனுக்கு வருகிறவர், பள்ளிக்கூடத்துப் பெண்கள். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி ஏற்பட்டு ஹெர்குலிஸ் வண்டி இங்கேயே தயாராக ஆரம்பித்தது. லூதியானாவில் 1956இல் ஹீரோ வந்தது. இந்த வண்டிகள் இல்லாவிட்டால் நம் கிராமங்களின் கதை வேறாக இருந்திருக்கும். பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடமும் குழந்தையும் சைக்கிள் ஏறின. பஸ்ஸுக்காகக் காத்திருப்பது குறைந்தது. அரசாங்கம் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கென்று ஆரம்பித்த விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவிகள் எல்லோருக்கும் விரிந்தது. இவ்வளவும் பெரிய காரியங்கள்.

ஆனால் அந்த வண்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிமிர்ந்த ஹாண்டில், ஒற்றைக் கியர், இருபது கிலோ அளவு இரும்பு. ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தில் முடிவான உருவம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. உழைப்பில் அதற்கு ஈடில்லை. காற்றைப் பற்றி மட்டும் அதைச் செய்தவன் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. நம் பையன்கள் நினைத்தார்கள். ஒரு காலத்தில் சாதா சைக்கிளின் ஹாண்டில்பாரைக் கழற்றித் தலைகீழாக மாட்டி, மட்கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரேஸ் சைக்கிள் என்று பெயர் வைத்து ஓட்டுவார்கள். பெரியவர்கள் காலித்தனம் என்றார்கள். காற்று சாஸ்திரப்படி அது அறுபதாயிரம் ரூபாய்க் குழாயைவிடப் பெரிய சீர்திருத்தம். செலவு, ஒரு ஸ்பானரை இரவல் வாங்குவது.

எல்லோரையும் குனியச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். பின்னால் மூட்டை வைத்தவனுக்குக் குனிந்தால் வண்டி அலையும். புடவை கட்டியவளுக்கும் வேஷ்டி கட்டியவனுக்கும் பந்தயக்காரன் நிலை சரிப்படாது. முதுகு வலிக்காரர் பாடு இன்னும் மோசம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறது. ஹாண்டிலை நான்கு விரற்கடை இறக்கி, வேண்டும்போது தாழ்த்தவும் உயர்த்தவும் வகை செய்யலாம். முன்னே கொஞ்சம் சாய்ந்தாலே காற்று பாதி சமாதானமாகிறது. பின்சக்கரத்துக்குள் மூன்று கியர் வைக்கலாம். உள்ளே மூடியிருப்பதால் உளுந்துத் தண்டும் சேறும் அதைத் தொடாது. இங்கிலாந்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி நூறு வருஷத்துக்கு முன்பே செய்த விஷயம் அது. எடையில் ஐந்து கிலோ குறைத்து, மட்கார்டும் கேரியரும் நம் ஊர் வால்வும் வைத்துக்கொடுத்தால், அதுதான் காவேரிப் படுகைக்கு ஏற்ற, காற்றை அறிந்த சைக்கிள். அதைச் செய்ய ஆராய்ச்சி வேண்டாம். செய்யவேண்டும் என்று நினைப்பு வேண்டும். மீன் வடிவக் குழாய்க்குச் செலவான நினைப்பில் ஒரு பங்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் மேலத்தெரு பால்காரர் தினமும் அரைமணி முன்னதாக வீடு போய்ச் சேருவார்.

என் தீர்ப்பு இதுதான். பந்தயத்துக்கோ ஆசைக்கோ வாங்குகிறவர் வாங்கட்டும். அவர்களிலும் கையைக் கட்டிச் செலவு செய்யவேண்டியவர்களுக்கு ஒரு யோசனை: குழாய் உருண்டையாக இருந்தாலும் பரவாயில்லை, வளைந்த ஹாண்டிலும் நல்ல கியரும் சற்றே அகன்ற டயரும் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்தில் உங்கள் உடம்புக்குத் தக்கபடி ஸீட்டையும் ஹாண்டிலையும் பொருத்திக்கொள்ளுங்கள். காற்றிடமிருந்து கிடைக்கக்கூடிய லாபத்தில் பெரும் பங்கு உங்களுக்கு வந்துவிடும். வண்டி செய்கிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித் தருகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஓர் ஆடி மாதத்தில், மாலை நான்கு மணிக்கு, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூட சைக்கிளில் ஏறி, புஸ்தகப் பையோடு மேற்கே பார்த்து ஐந்து மைல் மிதித்துப் பாருங்கள். அதன் பிறகு அடுத்த வண்டியின் படத்தை வரைய உட்காருங்கள்.